மே மாதத்தில் எந்தக் கடல்?

கோடை விடுமுறைக்கு ஸ்கூபா டைவிங் போகிறோம் என்று சொன்னதும் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கேட்டது "மாலத்தீவா மிஸ்?" என்றுதான். கடலுக்குள் இறங்குகிறவர்களுக்கு மாலத்தீவை விட்டால் வேறு இடமே இல்லை என்று எப்படியோ முடிவாகிவிட்டது. இன்ஸ்டாகிராம் பார்த்த வேலை. திருகோணமலை என்றேன். கெமிஸ்ட்ரி மிஸ் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கே கோயில்தானே இருக்கு?" என்றார். கோயிலும் இருக்கிறது. ஆனால் காரணம் அங்கிருந்து தொடங்கவில்லை.

நான் திருச்சியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். எனக்கு எப்போது லீவு என்பதை நான் தீர்மானிக்க முடியாது. காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, அப்புறம் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து மே மாதம். முதல் இரண்டும் சின்னவை. கணவர், மகள், அத்தை, நான் என்று நான்கு பேர் சேர்ந்து வெளிநாடு போய்வர மே மாதம்தான் தோது. ஐ.டி.யில் வேலை பார்க்கும் தம்பி, "டைவிங்குக்கு பெஸ்ட் பிளேஸ் எதுக்கா?" என்று கேட்டால், "உனக்கு எந்த மாசம் லீவு கிடைக்கும்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். மாதத்தைச் சொல்லாமல் இடத்தைக் கேட்பதில் அர்த்தமில்லை.

நம் பக்கத்து வெப்பமண்டலக் கடல்களை இரண்டு பருவக்காற்றுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. மே கடைசியில் இருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு. காற்று நேராக மோதும் கரையில் அலை எழும்பும், மண் கலங்கும், படகு போகாது. அதே நேரம் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் கரை அமைதியாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தாய்லாந்தின் மேற்குப் பக்கம் இருக்கும் சிமிலன் தீவுகளை மே நடுவில் இருந்து அக்டோபர் நடு வரை அரசாங்கமே மூடிவிடுகிறது. கிழக்குப் பக்கம், வளைகுடாவுக்குள் இருக்கும் கோ தாவ் தீவில் அப்போது டைவிங் ஜோராக நடக்கும். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகள் சிமிலனுக்கு நேரெதிர்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடையை அடைத்துவிட்டு மார்ச்சில் திறப்பார்கள். இலங்கையோ ஒரே சின்னத் தீவுக்குள் இரண்டையும் வைத்திருக்கிறது. ஹிக்கடுவ, உனவட்டுன போன்ற தென்மேற்குக் கரைகளில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். அங்கே முடிகிற சமயத்தில் கிழக்குக் கரையில் திருகோணமலை திறக்கும், செப்டம்பர் வரை ஓடும்.

அந்தமானை முதலிலேயே கழிக்க வேண்டியிருந்தது. மனசே இல்லை. நான் ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் சான்றிதழ் வாங்கியது ஹேவ்லாக்கில்தான், ஓர் அரையாண்டு விடுமுறையில். 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினாலும் டைவ் கடைக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோருக்கும் அது இன்னும் ஹேவ்லாக்தான். முதன்முதலாகக் கற்றுக்கொள்ள நினைக்கும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை. பாஸ்போர்ட் வேண்டாம். சென்னையில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் விமானம், பிறகு ஒரு கப்பல், அவ்வளவுதான். கரையோரமாகவே நீமோ ரீஃப் என்ற பவளப்பாறைத் திட்டு இருக்கிறது, பயிற்சிக்கு ஏற்ற ஆழம். பழகியபிறகு டிக்சன்ஸ் பினகிள், ஜானிஸ் கார்ஜ் என்று ஆழமான இடங்களுக்குப் போகலாம். ஆனால் அந்தமானுக்கு டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரைதான் நல்ல காலம். மே மாதத்திலும் டைவ் நடக்கும், நடக்காது என்றில்லை. மாத நடுவில் காற்று திரும்பினால் கப்பல் ரத்தாகும், நாம் போர்ட் பிளேரில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். லட்சத்தீவுக்கும் இதே கதி. அனுமதி வாங்கும் அலைச்சல் வேறு.

நீச்சல் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் வாங்க 200 மீட்டர் நீந்த வேண்டும், நேரக் கணக்கு கிடையாது. பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகிய எனக்கு அது பெரிய விஷயமாக இல்லை. நீச்சலே தெரியாதவர்கள் பயிற்றுநர் கூடவே இருக்க 12 மீட்டருக்குள் ஒரு முறை இறங்கிப் பார்க்கலாம், அதற்குச் சான்றிதழ் தேவையில்லை. அது மட்டும்தான் ஆசை என்றால் இவ்வளவு ஆராய்ச்சியும் வேண்டாம், ஜனவரியில் அந்தமான் போய்விட்டு வாருங்கள்.

சரி, மாலத்தீவு. மே மாதம் அங்கே மழைக்காலத்தின் தொடக்கம். டைவ் நடக்கும், ஆனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மிதவை உயிரிகள் பெருகித் தண்ணீர் கொஞ்சம் மங்கும். அவற்றைத் தின்பதற்காகவே மந்தா திருக்கைகள் கூட்டமாக வரும் என்பதால் சிலர் வேண்டுமென்றே அப்போது போகிறார்கள். அதற்குப் பேர்போன ஹனிஃபாரு விரிகுடாவில் டேங்க் கட்டிக்கொண்டு இறங்கவே அனுமதி இல்லை, மூச்சுக்குழாயோடு மேலே மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்க்கல் மட்டும்தான். காசு போட்டு டைவிங் டூர் புக் செய்கிற பலருக்கு இது தெரியாது.

என்னைத் தயங்க வைத்தது நீரோட்டம். பவளத்தீவு வளையங்களுக்கு நடுவே இருக்கும் கால்வாய்கள் வழியாகத்தான் கடல் உள்ளே வந்து வெளியே போகிறது. பெரிய மீன்கள் அங்கேதான் நிற்கும், சுறாக்களும் அங்கேதான். அந்த ஓட்டத்தில் ஒரு கொக்கியைப் பாறையில் மாட்டிக்கொண்டு பட்டம் மாதிரி நின்று பார்ப்பார்கள். செய்த டைவ்களை எழுதிவைக்கும் என் லாக் புக்கில் பாதிப் பக்கம் இன்னும் காலி. இந்த நிலையில் அந்தக் கொக்கியில் தொங்கினால் சுறாவைப் பார்க்க மாட்டேன், காற்று மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். செலவும் இருக்கிறது. உள்ளூர்த் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் வந்தபிறகு தங்கும் செலவு குறைந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். படகுக் கட்டணம் குறையவில்லை. வீட்டில் நான்கு பேரில் டைவ் செய்கிறவள் நான் ஒருத்திதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உண்மையில் என் மனதில் திருகோணமலைக்குப் போட்டியாக நின்றது பாலிதான். பாலியின் வடகிழக்கில் துலாம்பென் என்று ஒரு கிராமம். லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியிடம் அடிபட்டது. இழுத்து வந்து துலாம்பென் கரையில் ஒதுக்கினார்கள். 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கரையோடு சேர்ந்து கப்பலும் கடலுக்குள் சரிந்தது. 120 மீட்டர் நீளமுள்ள கப்பல், மேல்பகுதி ஸ்நார்க்கல் போடுபவருக்கே தெரியும், கீழ்ப்பகுதி 30 மீட்டரில். படகே வேண்டாம். கறுப்புக் கூழாங்கல் கரையில் இருந்து நடந்தே உள்ளே போய்விடலாம். அந்த ஊர்ப் பெண்கள் சிலிண்டரைத் தலையில் சுமந்து கரைக்குக் கொண்டுவந்து தருவார்கள். மே மாதம் பாலிக்கு நல்ல பருவமும்கூட. எல்லாப் பொருத்தமும் சரியாக இருந்து, விமான டிக்கெட்டை நான்கால் பெருக்கிப் பார்த்தபோது ஜாதகம் இடித்தது. எனக்கு மட்டும் என்றால் இன்றைக்கே கிளம்பிவிடுவேன்.

மலேசியாவையும் நினைத்தோம். திருச்சியில் இருந்து கோலாலம்பூருக்கு விமானத்துக்குப் பஞ்சமில்லை. பெர்ஹெந்தியான் தீவுகள் மே மாதத்தில் அருமையாக இருக்கும், ஆமைகள் நிறைய. ஆனால் கிள்ளானில் என் கணவரின் சித்தப்பா குடும்பம் இருக்கிறது. கோலாலம்பூரில் இறங்கிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போகாமல் தீவுகளுக்குப் பக்கத்து ஊரான கோத்தா பாருவுக்குப் பறக்க முடியாது. போனால் ஒரு நாளோடு விடமாட்டார்கள். கடலுக்கு மிஞ்சுவது விமானத்தில் போகிற நேரம்தான்.

இவ்வளவு கழித்தலுக்குப் பிறகு திருகோணமலை மிச்சமாக வந்து நின்றது என்று நினைக்க வேண்டாம். அதன் பக்கம் ஒரு பெரிய வாதம் இருந்தது, அது நான் பதினொன்றாம் வகுப்பில் நடத்துகிற பாடம்தான். கடல்மட்டத்தில் அழுத்தம் ஒரு வளிமண்டலம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொன்று கூடும். 30 மீட்டர் ஆழத்தில் நான்கு. அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே இழுப்பதைப்போல நான்கு மடங்கு காற்று சிலிண்டரில் இருந்து போகிறது. ஆழம் கூடக்கூட உடம்பில் நைட்ரஜன் சேர்வதும் கூடும், அந்தக் கணக்கு தனி. பொதுவாகப் பயன்படும் அட்டவணைப்படி 18 மீட்டரில் 50 நிமிடத்துக்கு மேல் இருக்கலாம், 30 மீட்டரில் 20 நிமிடம். சிவப்பு நிறம் சில மீட்டர்களிலேயே செத்துவிடும் என்பதால் ஆழத்தில் பவளம் எல்லாம் நீலமும் சாம்பலுமாகத் தெரியும், டார்ச் அடித்தால்தான் நிறம். ஆகவே "எங்க சைட் 35 மீட்டர் மேடம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் மயங்குவதில்லை. பத்துப் பன்னிரண்டு மீட்டரில், வெயில் உள்ளே விழும் ஒரு நல்ல ரீஃபில் ஒரு மணி நேரம் நிதானமாகச் சுற்றுவதுதான் எனக்குப் பிடித்த டைவ். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவைச் சுற்றிக் கிடைப்பது அதுதான்.

புறாத்தீவு கரையில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். மாடப்புறாக்கள் அடையும் பாறைத்தீவு. வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகுவதற்கு வைத்திருந்தார்கள், 2003இல் தேசியப் பூங்கா ஆனது. கரையில் இருந்து இறங்கினாலே பவளம், இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டியதும் துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாக்கள். அவை மனிதரைக் கண்டால் விலகிப் போகிறவை. என் மகளுக்கு இது போதும். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 10 வயதிலேயே ஜூனியர் சான்றிதழ் தருகிறார்கள், இந்த வயதுக்கு 12 மீட்டர் வரை. ஆனால் அவளுக்கு இந்த வருடம் ஸ்நார்க்கலே ஆசையாக இருக்கிறது, நான் கட்டாயப்படுத்தவில்லை. என் கணவருக்கு சைனஸ் தொல்லை, காதில் அழுத்தம் சமன் ஆகாது. மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தும் வலி நின்றபாடில்லை. மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார். அவரும் மேலே மிதக்கலாம். இவர்கள் இருவரையும் மாலத்தீவுக் கால்வாய்க்குக் கூட்டிப்போனால் நாள் முழுக்க அறையில்தான் இருக்க வேண்டும்.

குறையையும் சொல்ல வேண்டும். வாரக்கடைசியில் புறாத்தீவில் கூட்டம் தாங்காது, உள்ளூர்ச் சுற்றுலாப் பயணிகள் படகு படகாக வருவார்கள். பவளத்தின் மேலேயே நின்று போட்டோ எடுக்கிறவர்களும் உண்டு. அதனால் திங்கள் முதல் வியாழன் வரை என்று வைத்துக்கொண்டேன். கடல் சூடாகிப் பவளம் வெளுப்பதும் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் கேட்க வேண்டிய கேள்வியாகிவிட்டது. உலக அளவிலான நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அந்தக் கோடையில் லட்சத்தீவில் பவளம் கடுமையாக வெளுத்தது. மழைக்கு முந்தைய மே மாதத்தில்தான் நம் பக்கக் கடல் சூடாக இருக்கும். டைவ் கடைகளின் வெப்சைட்டில் இருக்கும் படங்கள் எந்த வருடத்தவை என்று யாருக்குத் தெரியும்? "போன மாசம் எடுத்த வீடியோ ஒன்னு அனுப்புங்க" என்று வாட்ஸப்பில் கேட்டேன். இரண்டு இடங்கள் பதிலே போடவில்லை. ஒருவர் மட்டும், வெளுத்த கிளைகளும் தெரிகிற ஒரு வீடியோவை அப்படியே அனுப்பினார். அவரிடமே பதிவு செய்துவிட்டேன்.

அவரிடம் போனில் பேசியதைச் சொல்ல வேண்டும். "மே மாசம் பிரச்சினை இல்லை அக்கா. காலமை கடல் தட்டையா இருக்கும். பின்னேரம் கச்சான் எழும்பினா போட் விடமாட்டம்" என்றார். கச்சான் என்பது அந்தப் பக்கம் மேற்கில் இருந்து மலை தாண்டி இறங்கும் சூடான காற்று. ஆகவே டைவ் எல்லாம் காலையிலேயே, மதியத்துக்கு முன்னால் கரைக்கு. படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், காற்று மோசமானால் பணம் திரும்புமா, அழுத்தக் கோளாறு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள் என்றெல்லாம் குடைந்தேன். எல்லாவற்றையும் தமிழிலேயே கேட்க முடிந்தது எனக்குப் பெரிய நிம்மதி. தண்ணீருக்குள் கைச்சைகை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் இறங்குவதற்கு முன் தரும் விளக்கத்தை நம் மொழியில் கேட்கும்போது சந்தேகம் கேட்கத் தயக்கம் வருவதில்லை.

இப்போது கோயில். திருக்கோணேசுவரம் பாடல் பெற்ற தலம். இலங்கையில் அப்படி இரண்டே இரண்டுதான், இன்னொன்று மன்னார் பக்கம் திருக்கேதீச்சரம். அத்தைக்கு இதைச் சொன்னதுமே அவர் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துவிட்டார். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அந்தக் கோயிலை இடித்தார்கள். கோயில் இருந்த மலை நேராகக் கடலில் இறங்குகிறது. அதன் அடியில், தண்ணீருக்குள், பழைய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கிடக்கின்றன. 1950களில் மைக் வில்சனும் அவர் நண்பரான அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் முக்குளித்து அவற்றைப் பார்த்தார்கள். கிளார்க் இலங்கைக்குக் குடிவந்ததே கடலுக்குள் இறங்குவதற்காகத்தான். இப்போது கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் டைவ் கடைகள் அந்த இடத்துக்குக் கூட்டிப்போகின்றன. அத்தையிடம் விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் மேல அர்ச்சனை பண்றப்ப நீ சரியா கீழ இருப்பியா?" என்று கேட்டார். ஏற்பாடு செய்யலாம் என்றேன். "அப்ப கால் படாம போ" என்றார். பவளத்தின் மேல் கால் படக்கூடாது என்று எந்தப் பயிற்றுநரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

மட்டக்களப்புப் பக்கம் இந்த முறை இல்லை. அங்கே எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் இருக்கிறது, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 என்பதால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

பயணத் திட்டத்தில் ஒரு விஷயத்துக்கு ரொம்பவே சண்டை போட வேண்டியிருந்தது. ஒரு டிராவல்ஸ்காரர் அனுப்பிய திட்டத்தில் முதலில் திருகோணமலை, அங்கே இரண்டு நாள் டைவ், இரண்டாம் நாள் மதியமே வேனில் ஏறி நுவரெலியா, சீதையம்மன் கோயில் தரிசனம் என்று அழகாகப் போட்டிருந்தார். பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. டைவ் முடிந்து மேலே வந்த பிறகும் உடம்பில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும், அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் வெளி அழுத்தம் குறைந்தால் குமிழியாகிவிடும். அதனால்தான் பல நாள் டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்கிறார்கள், நான் 24 வைத்துக்கொள்கிறேன். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேலே. அதாவது கடலில் இருந்து நேராக அங்கே போவது விமானம் ஏறுவதற்குச் சமம். அவருக்கு இதை விளக்கினேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே மேடம்" என்றார். சரி, நான் கேட்டுவிட்டேன். இப்போது மலை முதலில், கடல் பிறகு, கடைசியில் டைவ் இல்லாத ஒரு காய்ந்த நாள்.

அந்தக் காய்ந்த நாளை அத்தையின் பெயருக்கே எழுதிவிட்டேன். கன்னியா வெந்நீரூற்று, கோட்டைக்குள் திரியும் மான்கள், இன்னொரு முறை கோயில். மகள் திமிங்கலப் படகு கேட்கிறாள். திருகோணமலைக்கு வெளியே கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதால் இந்த மாதங்களில் நீலத்திமிங்கலம் கரைக்குக் கிட்டவே வரும். அதைக் காலையில் முடித்துவிட்டால் கோயிலுக்கு நேரம் இருக்கும் என்று பேரம் நடக்கிறது. என் கணவருக்கு இடியப்பமும் சொதியும் கிடைத்தால் போதும், எங்கே வேண்டுமானாலும் வருவார்.

சாதனங்களில் மாஸ்க் மட்டும் சொந்தமாகக் கொண்டுபோகிறேன். எனக்கு மைனஸ் பவர் கண்ணாடி, அதே பவரில் லென்ஸ் போட்ட மாஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் அங்கே வாடகைக்கு. டைவிங்குக்கு என்று தனியாகக் காப்பீடு எடுத்தாகிவிட்டது, சாதாரண பயணக் காப்பீட்டின் விதிமுறைகளைப் படித்தால் ஸ்கூபா என்ற சொல் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். விமான டிக்கெட் மட்டும் பாக்கி. திருச்சியில் இருந்து கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், ஆனால் விடைத்தாள் முகாம் எந்தத் தேதியில் முடியும் என்று இன்னும் சுற்றறிக்கை வரவில்லை. வந்த அன்று இரவே போட்டுவிடுவேன்.